கிளையின் உரிமையும் திருநாள் சோறும்

என் அப்பா அருளானந்தனை ஒஸ்லோத் தமிழர்கள் ‘சமஷ்டி அருள்’ என்று சொல்வார்கள். கூட்டாட்சி என்கிற சமஷ்டியைப் பற்றியே ஓயாமல் கதைப்பதால் கேலிக்கு வைத்த பெயர். அப்பா அதைப் பல்கலைக்கழகம் கொடுத்த பட்டம்போல எடுத்துக்கொண்டார். தொலைபேசியில் யாராவது “ஆர் கதைக்கிறது?” என்று கேட்டால், “சமஷ்டி அருள் கதைக்கிறன்” என்று அவரே சொல்லுவார். அம்மா எமிலி தலையில் அடித்துக்கொள்வார். நான் என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அப்பாவால் எனக்கு வரக்கூடிய வெட்கம் இவ்வளவுதான் என்று கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு அந்தோனியார் திருநாளோடு அந்த நினைப்புப் போய்விட்டது.

அவர் பிறந்தது யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள ஒரு தீவில். தீவின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் மற்றத் தீவுக்காரர் “பாத்தியளே, அவையள் எப்பவும் அப்பிடித்தான்” என்று சொல்லித் தாங்கள் நழுவிவிடுவார்கள். அவருக்குச் சட்டம் படிக்க ஆசை. நாடு எரிந்துகொண்டிருந்த நேரத்தில் அந்த ஆசைக்கு யார் வழிவிடுவார்கள். ஒரு வருடக் கல்லூரிப் படிப்பு என்று சொல்லி நோர்வேக்கு வந்தார். படிப்பு முடிந்ததும் வேலை தேடி, நாட்டின் வடக்கு நுனியில் இருக்கும் ஹம்மர்பெஸ்ட்டுக்குப் போனார். அங்கே மீன் தொழிற்சாலையில் கத்தியும் கையுறையும் கொடுத்தார்கள். சட்டப் புத்தகம் பிடிக்கவேண்டிய கை மீனுக்கு முள் எடுத்தது என்று அவரே பிறகு மேடைகளில் சொல்லிக் கைதட்டு வாங்குவார்.

வின்சென்ற் மாமாவும் அதே தொழிற்சாலையில் வேலை செய்தார். அப்பாவின் தீவுதான். ஊரில் இரண்டு பேரும் ஒருநாளும் கதைத்ததில்லை. ஹம்மர்பெஸ்ட்டில் ஒரே அறையில் இரண்டு கட்டில். அப்பாவுக்குச் சுடுதண்ணியைத் தவிர ஒன்றும் வைக்கத் தெரியாது. தொழிற்சாலையில் எறிகிற மீன்தலைகளை வாங்கிவந்து வின்சென்ற் மாமாதான் குழம்பு வைப்பார், அப்பா சட்டியை வழித்துத் தின்பார். பிறகு இருவருக்கும் கலியாணமாகி, அம்மாவும் மரியமலர் மாமியும் வந்து சேர்ந்தார்கள். நான் பிறந்தபோது அம்மாவுக்குச் சரக்குக் கறி காய்ச்சிக் கொடுத்துப் பார்த்தது மலர் மாமிதான். என் வாயில் முதல் சோறு வைத்ததும் அவர்தான். ஹம்மர்பெஸ்ட்டில் தமிழர் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான் இருந்தார்கள். யார் வீட்டு அடுப்பு எரிகிறதோ அங்கே எல்லோரும் சாப்பிட்டார்கள்.

பிறகு தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தார்கள். எல்லோரையும் போல நாங்களும் தெற்கே ஒஸ்லோவுக்கு வந்தோம். நாங்கள் புருசெத்தில் வீடு வாங்கினோம். வின்சென்ற் மாமா குடும்பம் சில வருடம் பிந்தி வந்து, மெற்றோ போய் முடிகிற வெஸ்ட்லியில் வாங்கியது. அப்பாவுக்குத் தபால் பிரிக்கிற இடத்தில் வேலை. மலர் மாமி முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை எடுத்து, நூறு நோர்வே வயோதிபருக்கு உருளைக்கிழங்கும் மீனும் சமைத்தார்.

ஒஸ்லோவில் எங்கள் ஊர் ஆட்கள் நிறையப் பேர். ஆட்கள் சேரச் சேர ஊரும் வந்து சேர்ந்துவிட்டது. திருமணம், பூப்புனித நீராட்டு, யார் யாருக்குப் பக்கத்தில் இருப்பது எல்லாம் திரும்ப வந்தன. விளங்காதவர்களுக்காக வெளிப்படையாகவே சொல்கிறேன். வின்சென்ற் மாமாவின் ஆட்களிடம் எங்கள் ஆட்கள் ஊரில் கைநனைப்பதில்லை. சாதியின் பெயரைச் சொல்லப் போவதில்லை, வாசிப்பவர் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார். நாங்கள் வேதக்காரர். ஒரே அப்பத்தைப் பிட்டு நாக்கில் வாங்குகிறவர்கள். ஆனாலும் புருசெத்துக்கு வந்த பிறகு அம்மா மலர் மாமியின் வீட்டில் சாப்பிடுவதை விட்டுவிட்டார். எனக்கு அது தெரியவே இல்லை. ‘ஒஸ்லோவில் எல்லோருக்கும் நேரமில்லை’ என்று சொன்னார்கள், நம்பினேன்.

அப்பா இதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. அவருக்குச் சமஷ்டிப் பைத்தியம் பிடித்திருந்தது. இரண்டாயிரத்து இரண்டு மார்கழியில் இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் பேச்சுவார்த்தை ஒஸ்லோவில் நடந்து, சமஷ்டி என்ற சொல் அறிக்கையில் வந்ததும் எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே இரவில் அரசியலமைப்பு நிபுணர் ஆனார்கள். கடையில் முருங்கைக்காய் வாங்க வந்தவர்கூடச் சுவிஸ் முறையா கனடா முறையா என்று கேட்டார். மற்றவர்களுக்கு அந்தக் காய்ச்சல் சில மாதத்தில் விட்டுவிட்டது. அப்பாவுக்கு விடவில்லை. புருசெத் நூலகத்தில் சொல்லி வேறு நூலகங்களில் இருந்து ஆங்கிலப் புத்தகங்கள் எடுப்பித்தார். அகராதியை மடியில் வைத்து, ஒரு பக்கத்தை ஒரு மாலை முழுக்க வாசிப்பார்.

அப்படித்தான் அமெரிக்காவைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றில் அவருக்குத் தன் உயிர்க்கொள்கை அகப்பட்டது. மத்திய அரசு தனக்குக் கொடுக்கப்படாத அதிகாரத்தை எடுத்து ஒரு சட்டம் போட்டால், “இந்தச் சட்டம் எங்கள் எல்லைக்குள் செல்லாது” என்று ஒரு மாநிலம் சொல்லிவிடலாம் என்று அங்கே சிலர் வாதாடினார்களாம். மாநிலங்கள் சேர்ந்துதான் மத்தியை உண்டாக்கின. ஆகவே மத்தி எல்லை மீறியதா என்று சொல்ல வேண்டியவர்களும் மாநிலங்கள்தான். இதற்கு அப்பா ‘செல்லாதாக்கும் உரிமை’ என்று தமிழில் பெயர் வைத்தார். அமெரிக்க நீதிமன்றங்கள் இதை ஒருபோதும் ஏற்கவில்லை என்று அதே புத்தகத்தில் எழுதியிருந்தது. “மத்தியின்ரை நீதிமன்றம் வேறை என்னத்தைச் சொல்லும்?” என்று அப்பா அதைத் தள்ளிவிட்டார்.

அவர் கண்ட கனவு நியாயமான கனவு. எங்கள் நாட்டில் மத்தியின் சட்டங்கள் எங்களை என்ன பாடு படுத்தின என்று எல்லோருக்கும் தெரியும். அப்படி ஒரு சட்டத்தை “எங்களுக்கு வேண்டாம்” என்று நிறுத்த ஒரு வழி இருந்திருந்தால் எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள் என்று சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுக்கும். அதில் பொய் இல்லை. ஆனால் கேட்க ஆள் இல்லை. தமிழ் வானொலியில் ஒரு தடவை கதைக்க விட்டார்கள். அடுத்த தடவை கேட்டபோது பாட்டுப் போட்டார்கள். கடைசியில் அவருடைய மாநிலம் எங்கள் வீடு, மத்தி அம்மா. “குப்பை போடுற சட்டம் என்ரை எல்லைக்குள்ளை செல்லாது” என்று சாய்கதிரையில் இருந்து சொல்லுவார். அம்மா குப்பைப் பையைக் கொண்டுவந்து மடியில் வைப்பார்.

இப்படி இருந்தவரைத் தேடித்தான் அந்த வருடம் வசந்தகாலத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் அல்பிரட் மாமா கேக்கோடு வந்தார். எங்கள் ஊர் மக்களுக்கு நோர்வேயில் ஒரு ஒன்றியம் உண்டு. பேர்கனில் தலைமை. ஒஸ்லோ, ஹம்மர்பெஸ்ட், இன்னும் ஒன்றிரண்டு ஊர்களில் கிளைகள். அல்பிரட் மாமா ஒஸ்லோக் கிளையின் தலைவர்.

“அருளண்ணை, மத்தி எங்களைக் கேக்காமல் சட்டம் போடுது” என்றார். “கிளையள் எண்டு நாங்கள் பிறகு என்னத்துக்கு இருக்கிறம்?”

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் அதே மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அவருடைய முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தேன்.

“என்ன சட்டம்?”

“திருநாள் சமையல். ஹம்மர்பெஸ்ட் ஆக்கள் கொண்டுவந்தது. இனி ஒவ்வொரு கிளைக்கும் வருசா வருசம் பேர்கனிலை திருவுளச்சீட்டுப் போட்டு, விழுற குடும்பம்தான் முன்னின்று சமைக்கவேணுமாம். கிளை அதை மாத்தேலாதாம்.”

“இந்த முறை ஆருக்கு விழுந்தது?” என்று அடுப்படியில் இருந்து அம்மா கேட்டார்.

“வின்சென்ற் ஆக்களுக்கு” என்றார் அல்பிரட் மாமா. கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னார்: “அதில்லை அக்கா பிரச்சினை. முறைதான் பிரச்சினை.”

அடுப்படியில் தண்ணீர்க் குழாயின் சத்தம் நின்றது. அப்பா கேக் துண்டைப் பார்த்தார். அவர் மூளை இல்லாதவர் அல்ல. தபால் உறையின் மூலையைப் பார்த்தே எந்த ஊருக்குப் போகிறது என்று சொல்லுகிற மனிதர். அல்பிரட் மாமா என்ன கேட்டு வந்திருக்கிறார் என்று அவருக்கு அந்த நொடியில் தெரிந்திருக்கும். ஆனால் இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் அவருடைய கொள்கையைத் தேடி வீட்டுக்கே வந்திருக்கிறார், கேக்கும் வாங்கிக்கொண்டு.

“ஓம்” என்றார் அப்பா. “முறைதான் பிரச்சினை.”

கிளைக் கூட்டம் புருசெத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. அப்பா கோட் போட்டு, கழுத்துப்பட்டி கட்டி வந்தார். நான் அவருடைய ஆங்கிலப் புத்தகத்தைக் காவிக்கொண்டு போனேன். அதைத் தூக்கிக் காட்டுவதற்காக மேசையில் வைக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார். அவர் நன்றாகத்தான் பேசினார். அமெரிக்காவில் தொடங்கி, எங்கள் நாட்டுக்கு வந்து, பிறகு ஒஸ்லோக் கிளைக்கு வந்தார். கிளைகள் சேர்ந்துதான் ஒன்றியம் ஆனது, ஒன்றியம் பெற்றுக் கிளைகள் பிறக்கவில்லை என்றார். கொடுக்காத அதிகாரத்தை எடுத்துப் போட்ட சட்டம் கிளையின் எல்லைக்குள் செல்லாது என்றார். இரண்டு இடத்தில் கைதட்டினார்கள். அவர் முடித்ததும் அல்பிரட் மாமா எழும்பி, சுகாதாரம் என்றார். பெரிய அளவில் சமைத்த அனுபவம் என்றார். இந்த வருடம் கடையில் சாப்பாடு எடுப்போம் என்றார். நூறு பேருக்கு நாளாந்தம் சமைக்கிற மலர் மாமி கடைசி வரிசையில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு இருந்தார். பக்கத்தில் வின்சென்ற் மாமா.

ஒன்றியத்தின் சட்டம் ஒஸ்லோக் கிளைக்குள் செல்லாது என்ற தீர்மானத்துக்கு ஆதரவானவர்கள் கையை உயர்த்துங்கோ என்றார்கள். கைகள் எழும்பின. அம்மா நிலத்தைப் பார்த்தபடி கையை உயர்த்தினார். எல்லோரும் மெதுவாகப் பின்னால் திரும்பினார்கள், பார்க்காத மாதிரி. வின்சென்ற் மாமா கையை உயர்த்தினார். பிறகு மலர் மாமியும் உயர்த்தினார். “ஏகமனதாக” என்று அல்பிரட் மாமா சொன்னபோது அவருடைய மூச்சு மைக்கில் பெரிதாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கழுத்துப்பட்டியைக் கழற்றியபடி, “வின்சென்ற் எவ்வளவு பெருந்தன்மையான ஆள், பாத்தியே?” என்று என்னிடம் சொன்னார். எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. எனக்கு அந்தக் கிழமைதான் பள்ளிக்கூடத்தில் அமெரிக்கா பற்றி ஒரு ஒப்காவ, அதுதான் கட்டுரை, எழுதக் கொடுத்திருந்தார்கள். கட்டுரை முடிந்து பையில் இருந்தது.

“அப்பா, அந்தப் புத்தகத்தை எந்த இடத்திலை விட்டனீங்கள்?”

“தென் கரோலினாவிலை. இறக்குமதி வரி விசயம். ஏன்?”

“அதுக்குப் பிறகு இன்னும் கனக்கப் பக்கம் இருக்கு.”

அவருடைய புத்தகத்தையே திறந்து அவருக்கு முன்னால் வைத்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகள். கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கவேண்டும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்னது. தெற்கு மாநிலங்கள் சில, அது எங்கள் எல்லைக்குள் செல்லாது என்று தீர்மானம் போட்டன. கறுப்பருக்கு எதிராக எங்களுக்கு ஒன்றும் இல்லை, மாநில உரிமைதான் பிரச்சினை என்று அவர்களும் சொன்னார்கள். அப்பா அகராதி இல்லாமலே அந்தப் பக்கத்தை வாசித்தார். ஒரு தடவை முடித்துவிட்டுத் திரும்பவும் மேலே போனார்.

“அது வேறை, இது வேறை” என்றார்.

“என்ன வித்தியாசம் எண்டு சொல்லுங்கோ.”

“அவளுக்கு என்ன தெரியும், இஞ்சை பிறந்தவள்” என்று அம்மா குறுக்கே விழுந்தார். “மேரின், போய் உன்ரை அலுவலைப் பார்.”

“எனக்கு முதல் சோறு தீத்தினது ஆர் அம்மா?” என்று கேட்டேன். அப்பா புத்தகத்தை மூடி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இருந்தார். அவருடைய காது மடல் சிவந்திருந்தது. என் அப்பா வெட்கப்பட்டு அன்றுதான் முதன்முதல் பார்த்தேன். எனக்குப் பாவமாக இருக்கவில்லை. நன்றாக வேண்டும் என்றுதான் இருந்தது.

அடுத்த நாள் வேலையால் வந்த உடனே அவர் பேர்கனுக்குத் தொலைபேசி எடுத்தார். ஒஸ்லோவின் தீர்மானத்தை ஒன்றியம் தள்ளிவிட வேண்டும், சீட்டு விழுந்தது விழுந்ததுதான் என்று உத்தரவு போட வேண்டும் என்று கேட்டார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. ஒன்றியத் தலைவர் ஆறுதலாகச் சிரித்தார்.

“அருள், நீங்கள்தானே அழகாச் சொன்னியள், கிளை வேண்டாமெண்டால் மத்திக்கு அதிலை கதையில்லையெண்டு. ஆக்கள் எனக்குச் சொன்னவை, அருமையான பேச்சாம். அதை நாங்கள் மதிக்கவேணுமெல்லே?”

அப்பா கட்டின மதில் அவரையே உள்ளே விட மறுத்தது. தலைவருக்கும் அது வசதிதான் என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது. ஹம்மர்பெஸ்ட் கொண்டுவந்த சட்டத்தை எதிர்த்தால் கெட்ட பெயர், நடத்தினால் தலையிடி. ஒஸ்லோவின் சமஷ்டி அருள் இரண்டில் இருந்தும் அவரைக் காப்பாற்றிவிட்டார்.

சனிக்கிழமை அப்பா கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, “வா மேரின், ஓடிப் பழகுவம்” என்றார். எனக்கு அப்போது சாரதிப் பயிற்சிக் காலம். காருக்குப் பின்னால் சிவப்பு ‘எல்’ எழுத்தை ஒட்டிவிட்டு, பெற்றோரில் ஒருவரைப் பக்கத்தில் வைத்து ஓடலாம். அவர் அதுவரை தானாகக் கூப்பிட்டதே இல்லை. என் பக்கத்தில் இருந்தால் இல்லாத பிரேக்கைக் காலால் அமத்திக்கொண்டே இருப்பார். “எங்கை போறம்?” என்று கேட்டேன். “நேரை ஓடு” என்றார். பிறகு இடது, வலது என்று சொல்லி வெஸ்ட்லியில் ஒரு உயர்ந்த கட்டடத்துக்கு முன்னால் நிறுத்தச் சொன்னார். அம்மாவுக்குத் தெரியாமல் தன் சிநேகிதன் வீட்டுக்குப் போக என் அப்பாவுக்குச் சாரதிப் பயிற்சி தேவைப்பட்டிருக்கிறது.

வின்சென்ற் மாமா கதவைத் திறந்து, “வா மச்சான்” என்றார். ஒன்றும் நடக்காத மாதிரிச் சிரித்தார். மலர் மாமி என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு அடுப்படிக்குப் போனார். வரும்போது தட்டில் திறக்காத இரண்டு கோலாப் போத்தல், இரண்டு கிளாஸ், போத்தல் திறக்கிற சாமான். எல்லாவற்றையும் அப்பாவுக்கு முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

அது என்னவென்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஊரில் எங்கள் ஆட்கள் அவர்களின் ஆட்களிடம் போகவேண்டி வந்தால் சோடாதான் குடிப்பார்கள். மூடி போட்ட போத்தல் என்றால் வீட்டுக்காரரின் கை உள்ளே படவில்லை. வீட்டுக்காரரும் அது தெரிந்து போத்தலை மூடியோடு கொண்டுவந்து வைப்பார்கள், வந்தவர் தானே உடைத்துக்கொள்வார். ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. எல்லோருக்கும் மரியாதை. அப்பா ஒஸ்லோவுக்கு வந்த பிறகு இந்த வீட்டில் இதைத்தான் குடித்து வந்திருக்கிறார். மீன்தலைக் குழம்புச் சட்டியை வழித்துத் தின்ற அதே மனிதர்.

அப்பா போத்தலைத் தொடவில்லை. “தங்கச்சி, தேத்தண்ணி ஒண்டு போடுங்கோவன்” என்றார்.

மலர் மாமி வின்சென்ற் மாமாவைப் பார்த்தார். வின்சென்ற் மாமா அப்பாவைப் பார்த்தார்.

“குடிச்சிட்டுப் போய் வெளியிலை சொல்லுவியோ?” என்று கேட்டார்.

குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்கிறவரின் குரல். யார் யாரை அப்பா நினைத்தார் என்று என்னால் சொல்லமுடியும்: அம்மாவை, அம்மாவின் ஆட்களை, நாளைக்கு எனக்குப் பேசப்போகிற கலியாணத்தை. என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவரையே பார்த்தேன்.

“சொல்லுவன்” என்றார். “திருநாளிலை, எல்லாருக்கும் முன்னாலை, மைக்கிலை சொல்லுவன். முறை, சுகாதாரம் ஒண்டும் இல்லை, சாதிதான் எண்டு சொல்லுவன். நான் செய்தது பிழையெண்டு சொல்லுவன். கையை உயத்தினியே மச்சான், அதைத்தான் என்னாலை தாங்கேலாமல் கிடக்கு.”

“நான் உயத்தாட்டில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்துக்கொண்டு இருந்திருப்பினம்” என்றார் வின்சென்ற் மாமா. “பிள்ளையளும் பாத்துக்கொண்டு நிண்டதுகள். கெதியாய் முடியட்டும் எண்டு உயத்தினனான். அவ்வளவுதான். பெருந்தன்மை கிருந்தன்மை எண்டு நினைச்சுப்போடாதை.”

அப்பா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். மலர் மாமி போத்தல்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார், பாலும் சீனியும் போட்டு. அப்பா குடித்தார். ஊதி ஆற்றக்கூட இல்லை, அப்படியே குடித்தார். பிறகு இரண்டு பேரும் ஹம்மர்பெஸ்ட்டில் ஒரு மேற்பார்வையாளர் வழுக்கி மீன்தொட்டிக்குள் விழுந்த கதையைக் கதைத்துச் சிரித்தார்கள். மலர் மாமி என்னிடம், பேர்கனில் சீட்டு எடுத்த அன்றே ஆட்டிறைச்சிக்கு எவ்வளவு மிளகாய்த்தூள் வறுக்கவேண்டும் என்று கணக்குப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். “அந்தோனியார் எங்கடை பேரை எடுத்தவர் எண்டு எனக்குச் சரியான புழுகம்” என்றார். அந்தச் சந்தோசத்தைச் சொல்லும்போதும் அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

திரும்பி ஓடும்போது அப்பா பிரேக் அமத்தவில்லை. மைக்கில் எப்படிச் சொல்வது என்று என்னிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அவர்மேல் திரும்பவும் அன்பு வந்துவிட்டது. வெட்கப்படத் தெரிந்த அப்பா எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்குக் கிட்ட வந்ததும், “அம்மாவுக்கு நானே சொல்லுறன். நீ ஒண்டும் சொல்லாதை” என்றார். சரி என்றேன்.

திருநாள் ஆனி மாதத்தில் வந்தது. பூசை முடிந்து எல்லோரும் கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் கூடினோம். கடையில் இருந்து வந்த சாப்பாடு அலுமினியத் தட்டங்களில் இருந்தது. வின்சென்ற் மாமாவும் மலர் மாமியும் வந்திருந்தார்கள். நடு மேசையில், எல்லோரையும் போலத் தட்டை வைத்துக்கொண்டு இருந்தார்கள். மலர் மாமி புதுச் சேலை கட்டியிருந்தார். அப்பாவின் பேச்சைக் கேட்கத்தான் கட்டிவந்தார் என்று எனக்குத் தெரியும். அப்பா சாப்பிடவில்லை. பேச்சை எழுதி வைத்திருந்த சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இருந்தார். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை என்பதை அம்மா கறி நல்லாயிருக்கு என்று சொன்ன விதத்திலேயே கண்டுகொண்டேன்.

அல்பிரட் மாமா மைக்கை எடுத்தார். எங்கள் கிளையின் உரிமையை நிலைநாட்டிய பெருமகனுக்குப் பொன்னாடை போர்க்கிறோம் என்றார். இது அப்பாவுக்கே தெரியாது. மண்டபம் கைதட்டியது. அப்பா எழும்பினார், எழும்பாமல் இருக்க முடியாது. அல்பிரட் மாமா மண்டபத்தைச் சுற்றிப் பார்த்து, “அருளண்ணையோடை ஹம்மர்பெஸ்ட்டிலை ஒரே அறையிலை இருந்தவர் எங்களோடை இருக்கிறார். பொன்னாடையை அவரே வந்து போர்க்கிறதுதான் முறை” என்றார். எங்களுக்குள் ஒரு வித்தியாசமும் இல்லை என்று காட்ட இதைவிட நல்ல வழி அவருக்குக் கிடைத்திருக்காது.

வின்சென்ற் மாமா கையைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு வந்தார். நான் படம் எடுப்பதற்காக முன்னால் நின்றேன். சிவப்புப் பட்டுச் சால்வையை அவர் விரித்தார். அப்பா தலையைக் குனிந்தார். போர்த்த பிறகும் நிமிரவில்லை, அப்படியே குனிந்து நின்றார். வின்சென்ற் மாமா சால்வையின் இரண்டு நுனியையும் சரியாக இழுத்துவிட்டபடி, உதடு அசையாமல் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது.

“நிமிந்து நில்லடா. ஆக்கள் பாக்கினம்.”

அல்பிரட் மாமா மைக்கை அப்பாவின் கையில் கொடுத்தார். மலர் மாமி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கழுத்தைக் கொஞ்சம் நீட்டி அவரைப் பார்த்தார். அப்பா மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார். அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கமெராவைக் கீழே இறக்கிவிட்டு, ‘சொல்லுங்கோ’ என்று வாயை மட்டும் அசைத்தேன். அவருடைய வாய் திறந்தது. ஒலிபெருக்கியில் அவர் மூச்சு விடுவது கேட்டது.

“எல்லாருக்கும் நன்றி” என்றார் அப்பா.

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். முதலில் அல்பிரட் மாமா கைதட்டினார், பிறகு மண்டபம் முழுவதும் தட்டியது. வெட்கத்தில் என் முகம் எரிந்தது, அவருக்காக, எனக்காக, அங்கே தின்றுகொண்டிருந்த அத்தனை பேருக்காகவும். வின்சென்ற் மாமா தன் கதிரைக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். கணவரைப் பார்த்துத் தலையை ஒருதரம் ஆட்டிவிட்டு, மலர் மாமியும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினார்.